நல்ல கால்

ஜூன் 3, திங்கள்

நந்தகோபால் எழுதச் சொன்னதால் எழுதுகிறேன். என்ன பயிற்சி செய்தேன், எங்கே வலித்தது, இரவில் முட்டி வீங்கியதா, இது மூன்றும் போதும் என்றார். புத்தாண்டுக்கு மில்லில் கொடுத்த டைரி உறை பிரிக்காமல் கிடந்தது. அதை எடுத்துக்கொண்டேன்.

பயிற்சி: எல்லாம் செய்தேன். வலி: படி இறங்கும்போது வலது முட்டியில் கொஞ்சம். வீக்கம் இல்லை.

எழுதி முடித்தாயிற்று. பக்கத்தில் இன்னும் இடம் இருக்கிறது.

இன்று தொடைக்கு ஸ்கேன் எடுத்தார்கள். வயிற்றுக்கு எடுக்கிற அதே ஸ்கேன்தான். ஜனவரியில் வலது முட்டியில் ஜவ்வு கிழிந்து ஆபரேஷன் ஆனதிலிருந்து நந்தகோபால் டேப் வைத்துத்தான் தொடையை அளந்துகொண்டிருந்தார். அவர்தான் எனக்குப் பிசியோதெரபி பார்ப்பவர். "டேப்புல சுத்தளவுதானுங்க்கா தெரியும். உள்ள இருக்கறது சதையா கொழுப்பான்னு தெரியாதுங்க. அதுக்குத்தான் இது" என்றார்.

ஸ்கேன் எடுத்தது டாக்டர் ஷமீமா. ஐம்பது வயதிருக்கும். அதிகம் பேசாதவர். தொடை மேல் ஜெல்லைத் தடவி, கருவியை அழுத்தாமல் லேசாக வைத்தார். அழுத்தினால் சதை நசுங்கி மெலிந்தது மாதிரி தெரியுமாம். முதலில் இடது கால். திரையில் கறுப்பாக, நடுவில் மெல்லிய வெள்ளைக் கோடுகளோடு ஒரு படம். அடியில் பிறை போல ஒரு வெளிச்சம். அது எலும்பு.

"கறுப்பா இருக்கு பாருங்க, அதான் சதை. நல்ல சதை கறுப்பாத்தான் தெரியும். கெடக் கெட வெளுத்துக்கிட்டே வரும்" என்றார். பிறகு, "அழகா இருக்கும்மா உங்க கால். ஸ்டூடண்ட்ஸுக்குக் காட்ட இந்தப் படத்தை வச்சுக்கவா?" என்று கேட்டார். வைத்துக்கொள்ளுங்கள் என்றேன்.

வலது கால் படம் பாதிகூட இல்லை. சாம்பல் பூசினாற்போல இருந்தது. ஆபரேஷன் ஆன கால் அப்படித்தான் இருக்கும் என்றார்.

அப்புறம் நாற்காலியில் உட்கார வைத்து, கணுக்காலில் பட்டை மாட்டி, முன்னால் தள்ளச் சொன்னார் நந்தகோபால். எவ்வளவு பலமாகத் தள்ளுகிறேன் என்று ஒரு சின்னப் பெட்டி சொல்கிறது. நல்ல காலின் பலத்தில் வலது கால் அறுபத்து மூன்று சதவீதம். தொண்ணூறைத் தொட்டால் ஆடலாம். ஆகஸ்டில் புனேயில் கபடிப் போட்டி. அதற்குள் தொட்டுவிடுவேன்.

டாக்டர் இந்த வாரம் ஹஜ்ஜுக்குக் கிளம்புகிறார். அப்படியே மஸ்கட்டில் மகள் வீட்டில் இருந்துவிட்டு ஜூலை கடைசியில்தான் வருவாராம். அதுவரை வேறொரு டாக்டர் எடுப்பார்.

ஜூன் 5, புதன்

பயிற்சி எல்லாம். வலி குறைவு. குவார்ட்டர்ஸில் தண்ணீர் வரவில்லை. கீழே குழாயிலிருந்து இரண்டு குடம் தூக்கினேன். நந்தகோபாலிடம் சொல்லக் கூடாது.

ஜெசிந்தா இரண்டு முறை போன் செய்திருக்கிறாள். நான் குளித்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 9, ஞாயிறு

எங்கள் மில் அணி முழுக்க வடக்கே லீக் ஆடப் போய்விட்டது. இந்த மாடியில் ஆறு அறைகள், ஐந்தில் பூட்டு. மில்லில் இரண்டாம் ஷிப்ட் சங்கு ஊதினால்தான் மணி தெரிகிறது.

காலையில் துணி துவைத்தேன். அறையைக் கூட்டிக் கழுவினேன். ஜெசிந்தாவின் கட்டிலை ஸ்டோருக்குத் திருப்பி அனுப்பச் சொல்லி மில்லில் இருந்து ஏப்ரலிலேயே ஆள் வந்தான். அப்போது எனக்குக் கால் முடியவில்லை, பிறகு வா என்று அனுப்பினேன். இன்னும் வரவில்லை. அதன் மேல் மடித்த துணியை வைக்க வசதியாக இருக்கிறது.

நான் லெஃப்ட் கார்னர். பாடி வருகிறவளின் காலைப் பிடிக்கிற இடம். ஜெசிந்தா எனக்கு அடுத்து நிற்பவள். எதிராளி கோட்டைத் தாண்டி வந்ததும் நாங்கள் இருவரும் கையைக் கோத்துக்கொண்டுதான் நகர்வோம். ஒன்பது வருடம் அப்படி ஆடினோம். இரண்டு பேருக்கும் தூத்துக்குடிப் பக்கம். இந்தக் கோயமுத்தூரில் எங்கள் பேச்சு எங்கள் இரண்டு பேருக்குத்தான் முழுசாகப் புரியும். ஆபரேஷன் ஆனபோது மூன்று மாதம் அவள்தான் என்னைக் கக்கூசுக்குக் கூட்டிப்போனாள், சமைத்தாள், தலை பின்னினாள். ஏப்ரலில் வேலையை விட்டுவிட்டு ஊருக்குப் போனாள். மே மாதம் கல்யாணம். மாப்பிள்ளை ரெக்ஸன், கொச்சியில் கப்பல் கட்டும் இடத்தில் வெல்டர். நல்ல மனிதர் என்று எல்லோரும் சொன்னார்கள். நான் போகவில்லை. பயணம் செய்யக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

சோறு வடித்தேன். மீந்ததில் தண்ணீர் ஊற்றி வைத்தேன்.

ஜூன் 18, செவ்வாய்

நேற்று பக்ரீத் விடுமுறை என்பதால் இன்று ஸ்கேன். புது டாக்டர் சின்னப் பையன் மாதிரி இருக்கிறார். முகத்தைப் பார்க்காமல் திரையைப் பார்த்தே பேசுகிறார். வலது காலை மட்டும் எடுத்து, அளவை எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

எழுபது சதவீதம். நந்தகோபால் கையைத் தட்டினார். "இப்படியே போனா புனே உறுதிங்க்கா."

புரோட்டீன் பவுடர் ஒரு டப்பா கொடுத்தார். ஒரு தடவை கலக்கிக் குடித்தேன். சுண்ணாம்பு மாதிரி இருக்கிறது.

ஜூன் 21, வெள்ளி

மாவு புளித்துவிட்டது. கொட்டினேன்.

ஜூன் 23, ஞாயிறு

பயிற்சி இரண்டு வேளையும் செய்தேன். மாலையில் போர் அடித்ததால் மூன்றாவது வேளையும்.

அம்மா போன் செய்தாள். சாப்பிட்டியா என்றாள், சாப்பிட்டேன் என்றேன். "ஜெசி எம்புட்டு நல்லா இருக்கா, பாத்தியா. உனக்கும் முப்பத்து மூணு ஆச்சு. ஆட்டத்தையே கட்டிக்கிட்டு அழப் போறியா?" என்றாள். புனே முடியட்டும் என்றேன். எதற்கும் புனே ஒரு நல்ல பதில்.

ஜூலை 1, திங்கள்

எழுபத்தெட்டு.

கோச் சவரிமுத்து சார் இந்தூரிலிருந்து பேசினார். என் இடத்தில் ஒரு புதுப் பிள்ளையை நிறுத்தியிருக்கிறாராம். "வேகம் இருக்கும்மா, நிதானம் இல்ல. பாடி வர்றவ காலை ஆட்டுனா போதும், பாஞ்சுருது. நீ வந்தாத்தான் எனக்கு மூச்சு வரும்" என்றார். லீக் முடிந்ததும் அணிக்கு அங்கேயே முகாம், அப்படியே நேராகப் புனேயாம். எனக்கு இங்கிருந்து ஆகஸ்ட் மூன்றாம் தேதி ரயிலுக்கு டிக்கெட் போடச் சொல்லியிருக்கிறார். இந்த வருடம் ஆடாவிட்டால் மில்லில் என்னை வருகைப் பதிவு பார்க்கும் டைம் ஆபீசிலேயே நிரந்தரமாக உட்கார வைத்துவிடுவார்கள். அதை அவர் சொல்லவில்லை, எனக்குத் தெரியும்.

வலி இல்லை. வீக்கம் இல்லை.

ஜூலை 7, ஞாயிறு

அரையிறுதியை போனில் காட்டினார்கள். புதுப் பிள்ளை பரவாயில்லை. அவளுக்கு அடுத்து நிற்பவள் கையைச் சரியாகக் கோக்கவில்லை. விரல்களைப் பிடிக்கிறாள். மணிக்கட்டைப் பிடிக்க வேண்டும். பார்க்கப் பார்க்க எரிச்சலாக வந்தது. அணைத்துவிட்டேன். ஜெயித்தார்களா என்று கோச் அனுப்பிய செய்தியில்தான் தெரிந்தது.

ஆட்டம் முடிந்ததும் ஜெசிந்தா அழைத்தாள். அவளும் பார்த்திருப்பாள். சார்ஜ் இல்லை, எடுக்கவில்லை.

காலையில் வாங்கிய பன் இருந்தது.

ஜூலை 15, திங்கள்

எண்பத்தைந்து. சின்ன டாக்டர்கூட நிமிர்ந்து பார்த்து, "குட் ப்ராக்ரஸ்" என்றார்.

நந்தகோபால் குஷியில் இருந்தார். பயிற்சியின் நடுவே பேச்சுவாக்கில், "ஆகஸ்ட்ல ரெண்டு நாள் ரயில்ல உக்காந்து போறீங்க, அப்பப்ப எந்திரிச்சு நடங்க. மே மாசமே தூத்துக்குடிக்கு பஸ்ல போலாம்னு சொன்னனுங்களே, நீங்கதான் போகலை" என்றார்.

அன்றைக்கு எனக்கு வேறு வேலை இருந்தது என்றேன்.

மாலை மழை. கொடியில் இருந்த துணியை எடுக்க மறந்துவிட்டேன்.

ஜூலை 20, சனி

டைம் ஆபீசில் ரிஜிஸ்டர் எடுக்க எழுந்தபோது கண் இருட்டிக்கொண்டு வந்தது. மேஜையைப் பிடித்து நின்றேன். யாரும் பார்க்கவில்லை. வெயில்.

டிராக் பேண்டின் நாடாவைப் புதிதாக முடிச்சுப் போட வேண்டியிருந்தது. துவைத்துத் துவைத்து எலாஸ்டிக் தளர்ந்துவிட்டது.

நல்ல காலை வீட்டில் நானே அமுக்கிப் பார்த்தேன். மெத்தென்று இருக்கிறது. ஓய்வில் இருந்தால் சதை மெத்தென்றுதானே இருக்கும்.

ஜூலை 29, திங்கள்

இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

இன்று முதலில் நாற்காலியில் தள்ளச் சொன்னார். இரண்டு காலும் முடிந்ததும் நந்தகோபால் பெட்டியைப் பார்த்துவிட்டு என்னிடம் திருப்பிக் காட்டினார். தொண்ணூற்றொன்று. எனக்கு முன்னால் அவரே போனை எடுத்து கோச்சுக்குச் செய்தி அனுப்பினார். கோச் கையைக் கூப்பிய படம் ஒன்றைத் திருப்பி அனுப்பினார். இரண்டு பேரும் சிரித்தோம்.

பிறகு ஸ்கேன் அறைக்குப் போனோம். டாக்டர் ஷமீமா வந்துவிட்டார். முகம் வெயிலில் கறுத்திருந்தது. மேஜையில் பேரீச்சம்பழப் பொட்டலங்கள். வருகிறவர்களுக்கெல்லாம் கொடுத்துக்கொண்டிருந்தார். எனக்கும் ஒன்று.

இடது காலில் ஜெல் தடவிக் கருவியை வைத்தார். திரையைப் பார்த்தார். கருவியை எடுத்துத் துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். பிறகு என் பெயரைப் படித்தார்.

"நந்து, இது யாரோட கால்?"

"பிரம்மசக்தி அக்காதானுங் மேடம்."

"இது ஆபரேஷன் ஆன காலா?"

"இல்லீங். நல்ல கால்."

அவர் ஜூன் மாதம் எடுத்த படத்தைத் தேடி எடுத்து, இன்றைய படத்துக்குப் பக்கத்தில் வைத்தார். எனக்கே தெரிந்தது. ஜூனில் இருந்த கறுப்பு இல்லை. ஒல்லியாக, சாம்பல் நிறத்தில், வெள்ளைப் புள்ளிகளோடு இருந்தது. இரண்டு மாதத்துக்கு முன்பு எடுத்த வலது காலின் படத்துக்கு அக்கா தங்கை மாதிரி இருந்தது.

"சதவீதம் வேண்டாம், கிலோவைச் சொல்லுங்க" என்றார் டாக்டர்.

நந்தகோபால் தாள்களைப் புரட்டிப் படித்தார். ஜூனில் வலது கால் இருபத்தொன்பது கிலோ தள்ளியது. இன்று முப்பத்தொன்று. ஜூனில் இடது நாற்பத்தாறு. அடுத்ததைப் படிக்கும்போது குரல் இறங்கிவிட்டது. இன்று முப்பத்து நாலு.

"வலது ஏறவே இல்ல. இடதுதான் இறங்கி வந்து அது பக்கத்துல நிக்குது" என்றார் டாக்டர்.

வெளியே டோக்கன் எண் கூப்பிட்டார்கள்.

"நான் சதவீதத்த மட்டும்தானுங் மேடம் பாத்துட்டு இருந்தேன்" என்றார் நந்தகோபால். முகம் சுருங்கிப் போயிருந்தது. பாவமாக இருந்தது. அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை.

டாக்டர் ஜெல்லைத் துடைக்க டிஷ்யூ கொடுத்தார். "சாப்பிடுறீங்களாம்மா?"

"சாப்பிடுதேன்."

"நேத்து ராத்திரி என்ன?"

யோசித்துப் பார்த்தேன். நினைவு வரவில்லை. தோசை என்றேன்.

"கூட யார் இருக்காங்க?"

"இருக்காங்க."

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சர்க்கரை, தைராய்டு எல்லாவற்றுக்கும் ரத்தம் எடுக்க எழுதிக் கொடுத்தார். இந்த நிலையில் களத்தில் இறங்கினால் இரண்டு முட்டியும் போய்விடும், ஆடக் கூடாது என்றார்.

வெளியே வந்ததும் நந்தகோபால், "கோச்சுகிட்ட நான் சொல்லட்டுங்களா, நீங்க சொல்றீங்களா?" என்று கேட்டார். நான் சொல்கிறேன் என்றேன்.

ஜூலை 30, செவ்வாய்

பயிற்சி செய்யவில்லை.

ஆகஸ்ட் 1, வியாழன்

நந்தகோபால் போன் செய்தார். ரத்தத்தில் ஒன்றும் இல்லையாம். எல்லாம் சரியாக இருக்கிறதாம். "ஒண்ணும் இல்லைங்கறதுதான் எனக்குப் பயமா இருக்குதுங்க்கா" என்றார். சாயங்காலம் அவர் மனைவி கொடுத்ததாக ஒரு தூக்கில் சாம்பார் சாதம் கொண்டுவந்து வாசலில் நின்றார். உள்ளே வரச் சொன்னேன். வேலை இருக்கிறது என்று போய்விட்டார். கோச்சிடம் சொல்லிவிட்டீர்களா என்று அவர் கேட்கவில்லை.

நான் இன்னும் சொல்லவில்லை.

பையை எடுத்து வைத்தேன். ஜெர்சி, ஷூ, முட்டிக்கு மாட்டும் உறை. நாளை மறுநாள் மாலை ரயில். டாக்டர் சொன்னது எனக்கும் நந்தகோபாலுக்கும் மட்டும்தான் தெரியும். கோச்சின் போனில் இன்னும் தொண்ணூற்றொன்று இருக்கிறது. புனேயில் யாரும் என் தொடையைத் திறந்து பார்க்கப் போவதில்லை. பாதிக்குப் பதினைந்து நிமிடம் நின்றால் போதும். நான் ஒன்பது வருடம் நின்றவள்.

அங்கே போனால் பன்னிரண்டு பேர் இருப்பார்கள். இரண்டு பேருக்கு ஒரு அறை கொடுப்பார்கள்.

ஆகஸ்ட் 2, வெள்ளி

ஆபீஸ் முடிந்து வந்ததும் மொட்டை மாடிக்குப் போனேன். தரையில் சுண்ணாம்பால் ஒரு கோடு கிழித்து, கார்னரில் நிற்பதுபோல் குனிந்து நின்றேன். எதிரே யாரோ பாடி வருவதாக வைத்துக்கொண்டேன். இடது காலை ஊன்றித்தான் நான் பாய்வேன். ஆயிரம் முறை பாய்ந்திருப்பேன், யோசித்ததே இல்லை.

இன்று ஊன்றினேன். கால் வரவில்லை. நடுங்கியது. வலி எதுவும் இல்லை. வலித்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும். அப்படியே மெதுவாக உட்கார்ந்தேன். எழும்பக் கையை ஊன்ற வேண்டியிருந்தது. தண்ணீர்த் தொட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன்.

அங்கேயே நின்று கோச்சுக்குப் போன் செய்தேன்.

"சார், நான் வரல. கால் சரியில்ல."

"தொண்ணூத்தொண்ணுன்னு நந்து அனுப்புனானே. எந்தக் கால்?"

"நல்ல கால், சார்."

அவருக்குப் புரியவில்லை. விளக்கினேன். நடுவில் குறுக்கிடாமல் கேட்டார். பின்னால் பிள்ளைகள் கத்துகிற சத்தம் கேட்டது.

"சரிம்மா. அந்தப் பிள்ளையையே நிறுத்துறேன்" என்றார். பிறகு, "ஒரே வருஷத்துல ரெண்டு பேரையும் விட்டுட்டேன்" என்றார். என்னிடம் சொன்ன மாதிரி இல்லை. வைத்துவிட்டார்.

பையிலிருந்து எல்லாவற்றையும் எடுத்து மறுபடி அலமாரியில் வைத்தேன்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

ஜெசிந்தா வழக்கம்போல் மாலையில் அழைத்தாள். எடுத்தேன். அவள் எதிர்பார்க்கவில்லை என்று நினைக்கிறேன்.

"ஏட்டி, இருக்கியா?" என்றாள்.

"இருக்கேன்."

"நீ புனேக்குப் போகலன்னு கோச் சொன்னாவ. கால் என்ன செய்யுது?"

சொன்னேன். படம் வெளுத்தது, கிலோ இறங்கியது எல்லாம் சொன்னேன். கேட்டுவிட்டு, "நீ திங்கலையா?" என்றாள். வேறொன்று வாயில் வந்துவிட்டது.

"ஜெசி, உன் கல்யாணத்துக்குப் போகக் கூடாதுன்னு எந்த டாக்டரும் சொல்லல."

"தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"உனக்கு ரயில்ல கீழ் பெர்த் போடணுமான்னு கேக்க நந்துவுக்குப் போன் பண்ணேன். பஸ்லயே வரலாம்க்கா, ஒண்ணும் ஆகாதுன்னாரு. டிக்கெட்டப் போட்டுட்டுத்தான் உன்கிட்ட பேசுனேன். நீ டாக்டர் விடலன்ன."

"பெறவு ஏன் என்கிட்ட ஒண்ணும் கேக்கல?"

அங்கே ஏதோ பாத்திரத்தை இறக்கி வைக்கும் சத்தம் கேட்டது.

"கேட்டா நீ பதில் சொல்லிருவியோன்னுதான்" என்றாள்.

நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எதிர் வரிசை குவார்ட்டர்ஸில் ஒரு வீட்டில் மட்டும் விளக்கு எரிந்தது. அவளும் வைக்கவில்லை, நானும் வைக்கவில்லை. அவள் மூச்சு விடுவது கேட்டது. ஒன்பது வருடம் பக்கத்துக் கட்டிலில் கேட்ட மூச்சு.

"வாரா வாரம் போன் பண்ணுதேன். வேற நான் என்ன செய்ய முடியும், சொல்லு" என்றாள்.

"ஒண்ணும் செய்ய வேண்டாம்" என்றேன். எனக்கே ஆச்சரியமாக, அது உண்மையாக இருந்தது.

"வைக்காத. போன அலமாரில வச்சிட்டு அடுப்பப் பத்த வை" என்றாள்.

ஸ்பீக்கரில் போட்டுவிட்டு அரிசி களைந்தேன். முட்டை இரண்டு இருந்தது. வெங்காயம் நறுக்கினேன். அவளும் அங்கே ஏதோ நறுக்கிக்கொண்டிருந்தாள். நடுவில் கதவு திறந்தது. ஒரு ஆண் குரல், யாரு என்று கேட்டது. "பிரம்மு" என்றாள். "நல்லா இருக்காவளான்னு கேளு" என்றது அந்தக் குரல். அவள் கேட்கவில்லை. நான் முழுத் தட்டையும் சாப்பிட்டு முடிக்கும் வரை இருந்துவிட்டு வைத்தாள்.

பாதி ராத்திரியில் வாந்தி எடுத்தேன். பழக்கம் விட்டுப்போய்விட்டது போல.

ஆகஸ்ட் 12, திங்கள்

ஸ்கேன் எடுக்கவில்லை. இன்னும் இரண்டு வாரம் போகட்டும் என்றார் டாக்டர். புனேயில் காலிறுதியிலேயே தோற்றுவிட்டார்கள். புதுப் பிள்ளை நன்றாக ஆடினாள் என்று கோச் சொன்னார். எனக்கு அது ஏன் பிடிக்கவில்லை என்று தெரியும். எழுதவில்லை.

மதியம் டைம் ஆபீஸ்காரர்களோடு கேண்டீனில் உட்கார்ந்தேன். கணக்குப் பார்க்கும் ருக்குமணி, "நீங்க பேசறது பாதி புரியலைங்க, ஆனா கேக்க நல்லாருக்குது" என்று சொல்லி, அவள் டப்பாவிலிருந்து அவரைக்காய்ப் பொரியலை என் தட்டில் தள்ளினாள்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

அம்மாவுக்கு நானே போன் செய்தேன். காலைப் பற்றிச் சொன்னேன். அவள் திட்டுவாள் என்று இருந்தேன். அழுதாள்.

கட்டிலை எடுக்க ஸ்டோர் ஆள் வந்தான். எடுத்துப் போகச் சொன்னேன். அறை பெரிதாகிவிட்டது. அந்தப் பக்கம் இன்னும் பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 26, திங்கள்

சதவீதம் இறங்கிவிட்டது. எழுபத்தாறு.

நந்தகோபால் பெட்டியைப் பார்த்து, தாளைப் பார்த்து, மறுபடி பெட்டியைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். வலது முப்பத்திரண்டு. இடது நாற்பத்திரண்டு. இரண்டும் ஏறியிருக்கிறது, இடது வேகமாக ஏறியதால் வலது பின்தங்கித் தெரிகிறது. நல்ல கால் நல்ல காலாகத் திரும்பிக்கொண்டிருக்கிறது. இரண்டுக்கும் உள்ள தூரம் கூடியதற்காக மூன்று பேர் சந்தோஷப்பட்டோம்.

"இனிமே கிலோவத்தானுங்க்கா சொல்லுவேன். சதவீதத்த வாயில எடுக்க மாட்டேன்" என்றார்.

டாக்டர் ஷமீமா படத்தில் ஒரு இடத்தைத் தொட்டுக் காட்டினார். ஓரத்தில் கறுப்பு வர ஆரம்பித்திருக்கிறது. முழுக்கக் கறுக்க மாதக்கணக்காகும், சில வெள்ளைப் புள்ளிகள் போகாமலும் இருக்கலாம் என்றார். கூட யார் இருக்கிறார்கள் என்று மறுபடி கேட்டார். யாரும் இல்லை என்றேன். தலையை ஆட்டிக்கொண்டு எழுதினார்.

மில்லில் அடுத்த வருடத்து அணிப் பட்டியலில் என் பெயர் இருக்குமா என்று தெரியாது. கோச் பார்க்கலாம் என்றார்.

செப்டம்பர் 22, ஞாயிறு

கொச்சிக்குப் போய் வந்தேன். நாலு மணி நேரத் தூரம்தான். இத்தனை மாதமும் அது நாலு மணி நேரத் தூரம்தான்.

ரெக்ஸன் ஸ்டேஷனுக்கு வந்திருந்தார். உயரம் குறைவு. கை முழுக்க வெல்டிங் பொறி பட்ட தழும்பு. என் பையை வாங்கிக்கொண்டு, எனக்காக மெதுவாக நடந்தார். மெதுவாக நடக்க வேண்டாம் என்றேன். அப்புறமும் மெதுவாகத்தான் நடந்தார்.

ஜெசிந்தா கொஞ்சம் பெருத்திருக்கிறாள். கதவைத் திறந்ததும் என் தோளிலிருந்து பாதம் வரை பார்த்தாள். "எலும்புக் கூடு மாதிரி வருவன்னு நெனச்சேன். பரவால்ல" என்றாள். அவ்வளவுதான். உள்ளே போய்விட்டாள்.

ரெக்ஸன் கல்யாண ஆல்பத்தை எடுத்து வந்தார். பக்கம் பக்கமாகக் காட்டினார். இது அவர் சித்தப்பா, இது பங்குச் சாமியார், இது எங்கள் அணிப் பிள்ளைகள். ஜெசிந்தா அடுக்களையை விட்டு வரவில்லை. நான் எல்லாப் படத்தையும் பார்த்தேன். அவசரப்படவில்லை. வெள்ளைச் சேலையில் அவள் நன்றாக இருந்தாள். ஒரு படத்தில் சிரிக்காமல் வாசல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். ரெக்ஸன் அந்தப் பக்கத்தையும் மற்றப் பக்கங்களைப் போலவே திருப்பினார்.

"ரொம்ப நல்லா இருக்கு" என்றேன். "நீங்க வந்திருந்தா இன்னும் நல்லா இருந்திருக்கும். அவ அன்னைக்குப் பூரா உங்களப் பத்திதான் பேசுனா" என்றார். வெகுளியாகத்தான் சொன்னார். அல்லது அப்படி இல்லாமலும் இருக்கலாம்.

மதியம் நெய்மீன் குழம்பு. மூன்று பேரும் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். ஜெசிந்தா என் தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டாள். அவர்கள் இரண்டு பேரும் கேஸ் சிலிண்டர் பற்றியும் வீட்டுக்காரர் பற்றியும் பேசிக்கொண்டார்கள். நடுவில் அவர் கையை நீட்டினார். கேட்காமலே அவள் உப்பை எடுத்துக் கொடுத்தாள். அதைப் பார்த்தபோது எனக்கு எதுவும் ஆகவில்லை. ஆகும் என்றுதான் இவ்வளவு நாள் வராமல் இருந்தேன்.

மாலை ரயிலுக்கு ஜெசிந்தா மட்டும் வந்தாள். "அடுத்த மாசம் வாரியா?" என்றாள். "தெரியல" என்றேன். "வரலன்னாலும் போன எடு" என்றாள். சரி என்றேன். வண்டி நகர்ந்ததும் அவள் கூடவே நடந்து வரவில்லை. நின்ற இடத்திலேயே நின்றாள். அதுதான் நல்லது.

ஆலுவாயிலிருந்து திருச்சூர் வரை அழுதேன். எதிரே உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு அது தானாக நின்றது. மலைகள் வந்தன. இருட்டிவிட்டது.

பாலக்காட்டில் வண்டி நின்றபோது பசித்தது. முதலில் அது என்னவென்றே தெரியவில்லை. மதியம் அவ்வளவு சாப்பிட்டும், யாரும் சொல்லாமல், யாரும் பார்க்காமல், வயிறு தானாகக் கேட்டது. இறங்கிப் போய் நேந்திரம்பழத்தில் போட்ட ஒரு பழம்பொரி வாங்கினேன். சூட்டில் விரல் சுட்டது. கடைப் பக்கமே நின்று தின்றேன். இன்னொன்று கேட்டேன்.